ஒரே கட்டில், இரண்டு காய்ச்சல்

அவளுக்குக் கை ஓயாத வேலை. விடுதிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளுக்குக் கஞ்சி போட்டு, தேய்த்து, மடிப்புக் கலையாமல் அடுக்க வேண்டும். கணவன் கல் குவாரியில் டிரில்லர். பாறை குடையும் இயந்திரத்தோடு நாளெல்லாம் மல்லுக்கட்டிவிட்டுக் காதடைத்து வருவான். அவன் ரகசியம் பேசினாலும் தெருவே கேட்கும்.

குவாரிப் பள்ளங்களில் மழைத்தண்ணீர் நிரம்பிக் கிடந்த வருஷம். மூத்தவள் குட்டிமாவும் இளையவன் சுண்டுவும் ஒரே கட்டிலில் குளிர்காய்ச்சலில் விழுந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது குட்டிமா தன் காலாலேயே நடந்து வந்தாள். சுண்டு அம்மாவின் தோளில் துவண்டு கிடந்தான். கூப்பிட்டும் கண் திறக்கவில்லை. இருவர் ரத்தத்திலும் ஒரே மலேரியாக் கிருமிதான் என்றார்கள். குட்டிமாவுக்கு மாத்திரை. சுண்டுவுக்குக் கையில் ஊசி, மூக்கில் குழாய்.

வராந்தாவில் நாத்தனார் முணுமுணுத்தாள். "பொண்ணைப் பொத்திப் பொத்திப் பாத்தே. பையனைக் கோட்டை விட்டுட்டே."

அவளுக்குச் சுருக்கென்றது. யாருக்குக் குறை வைத்தோம், எந்த வேளை கவனிக்காமல் விட்டோம் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

சுண்டுவுக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. அவன் அம்மாவைப் போல ஏ குரூப். ஏ ரத்தம் அன்று கையிருப்பில் இல்லை, அவளுக்கோ ரத்தசோகை. கணவன் ஓ குரூப், மகனுக்குக் கொடுக்கலாம் என்றார்கள். பாறையையே துளைக்கிறவன் ஊசியைப் பார்த்ததும் வெலவெலத்துப் போனான்.

"கொஞ்சம் சின்ன ஊசியாப் பாருங்கம்மா!" என்று அவன் கெஞ்சியது வார்டு முழுக்கக் கேட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினான். அவன் ரத்தத்தில் கிருமி எதுவும் இல்லையென்று சோதித்த பிறகு மகனுக்கு ஏற்றினார்கள்.

சுண்டு கண் திறந்து தண்ணீர் கேட்ட அன்றுதான் அவள் டாக்டரம்மாவிடம் மெல்லக் கேட்டாள்.

"நான் சரியாப் பாத்துக்கலையா டாக்டர்? அவளுக்கு லேசா வந்தது இவனுக்கு ஏன் இப்படி?"

"யாரு சொன்னா அப்படி? பொண்ணு அப்பா மாதிரி ஓ. இவன் ஏ. இந்தக் கிருமி புகுந்த சிவப்பணு பக்கத்து அணுக்களை இழுத்து ஒட்ட வச்சுக்கும். ஏ ரத்தத்துல அந்தப் பிடிப்பு ஜாஸ்தி. கட்டிகட்டியா சேர்ந்து சின்னச் சின்ன ரத்தக்குழாய்ல அடைச்சுக்கும். ஓ-ல அவ்வளவா ஒட்டாது."

"கஞ்சி கெட்டியான விரிப்பு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குமே, அது மாதிரியா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"அப்போ என் ரத்தம்தான் அவனைப் படுத்திடுச்சா?"

"படுத்தினது கொசு. ரத்த வகை ஒரு காரணம், அதுவே எல்லாம் இல்ல. ஓ-காரங்களுக்கும் மலேரியா வரும், முத்திப்போகவும் செய்யும். பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு மெத்தனமா இருந்துடாதீங்க."

வராந்தாவுக்கு வந்து அதை நாத்தனாரிடம் சொன்னாள். நாத்தனார் குட்டிமாவை அருகே இழுத்து உட்காரவைத்துத் தலையைப் பின்னிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்குக் கொசுவலை கட்டினார்கள். சுண்டு தேறி, பழையபடி வாய்க்கு வாய் பேசத் தொடங்கினான். "உன் உடம்புல ஓடறது என் ரத்தம்டா," என்று கணவன் தெருவுக்கே பறைசாற்றினான்.

அடுத்த மழையில் ஒருநாள் பள்ளியிலிருந்து வந்த குட்டிமாவுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது.

"இவளுக்கு என்ன, ரெண்டு நாள்ல எழுந்துடுவா. காலைல பாத்துக்கலாம்," என்றான் கணவன்.

"இல்லங்க, இப்பவே போறேன்," என்று சொல்லிக்கொண்டே அவள் செருப்பை மாட்டினாள்.

மலேரியாதான். தொடக்கத்திலேயே பிடித்ததால் மாத்திரையோடு போயிற்று. அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, வழியில் தேங்கிய தண்ணீரைச் சுற்றிக்கொண்டு, நடந்தே வீடு திரும்பினாள்.