டாக்டரம்மாவின் கிளட்ச் பெடல்

போன வாரம் அந்தப் பழைய ஜீப் மறுபடியும் என் பட்டறைக்கு வந்தது. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கிளட்ச் பெடலின் இரும்புத் தண்டில் மூன்று ஓட்டைகள் அப்படியே இருந்தன. கீழே உள்ளது கம்பெனி போட்டது. மேலே உள்ளது என் அவசரபுத்தி போட்டது. நடுவில் உள்ளதில்தான் இன்றைக்கும் ராடு மாட்டியிருக்கிறது. மிதித்து மிதித்துப் பெடல் ரப்பர் மொட்டையாகி, ஓர் ஓரத்தில் இரும்பே வெளியே தெரிந்தது.

மேலூர்ப் பக்கம் மாடு வைத்திருப்பவர்களுக்கு டாக்டரம்மாவைத் தெரியாமல் இருக்காது. அரசாங்கக் கால்நடை மருத்துவராக இருந்தவர். நான்கு சக்கரமும் இழுக்கும் அந்த ஜீப்பில் கண்மாய்ச் சேறு, குவாரிப் பாதை என்று எங்கே கூப்பிட்டாலும் போவார். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு காளை உதைத்ததில் அவருடைய இடது முழங்கால் கெட்டுப்போனது. அந்த வண்டியின் கிளட்சோ பாறாங்கல். தல்லாகுளம் ஆபீசில் உட்கார்ந்து செய்கிற வேலை தருகிறோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம். “அந்த நாற்காலியில உக்காந்தா எனக்குக் கிறுக்குப் புடிச்சிரும் தம்பி. என் காலுக்கு ஏத்த மாதிரி இத மாத்திக் குடு. முடியலன்னா சொல்லிரு, வண்டிய வித்துட்டு ஃபைல் பாக்கப் போறேன்” என்றார். டிரைவர் வைத்துக்கொள்ளலாமே என்றேன். “டிரைவர் வர்ற வரைக்கும் மாடு முக்காமப் பொறுத்துக்கிருமாக்கும்?” என்று கேட்டார். சாவியை வாங்கிக்கொண்டேன்.

பெடலை மிதித்தால் ஒரு ராடு போய்ச் சிலிண்டரில் உள்ள எண்ணெயைத் தள்ளும். அந்த எண்ணெய் குழாய் வழியாக ஓடிக் கீழே கிளட்சைப் பிரிக்கும். ராடு மாட்டுகிற ஓட்டையைப் பெடலின் கீலுக்குப் பக்கமாக ஏற்றினால் மிதிப்பது லேசாகும். ஆனால் எண்ணெய் தள்ளப்படும் தூரமும் குறையும். இது எனக்குத் தெரியாததா? தெரிந்துதான், டாக்டரம்மா சுண்டுவிரலால் மிதிக்கட்டும் என்ற ஆசையில் கீலை ஒட்டி ஓட்டை போட்டேன். பெடல் பூவாக இறங்கியது. கியரைப் போட்டால் கர்ரென்று பல்லைக் கடித்தது. கிளட்ச் பிரியவே இல்லை. “ஆசைக்கும் ஒரு அளவு வேணும் தம்பி” என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டுக்கும் நடுவே இன்னொன்று போட்டு, தண்டு பலம் குறையாமல் இருக்கப் பின்னால் ஒரு பட்டை வைத்து வெல்டிங் அடித்தேன். இனி குழாயில் பொட்டுக் காற்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் உள்ள கொஞ்சத் தூரத்தையும் அது தின்றுவிடும்.

காற்றெடுக்க இரண்டு ஆள் வேண்டும். அன்றைக்குப் பட்டறை ஆட்கள் எல்லாரும் கோயில் கிடாவெட்டுக்குப் போயிருந்தார்கள். வேறு வழியில்லாமல் டாக்டரம்மாவையே சீட்டில் உட்காரவைத்து, நான் வண்டிக்கு அடியில் படுத்தேன். “வலது காலால மிதிங்கம்மா, எந்த ஆர்டிஓவும் பாக்கல” என்றேன். “மிதிங்க... அப்படியே பிடிங்க... ம், விடுங்க.” அவர் மிதித்துப் பிடித்திருக்கும்போது நான் கீழே சின்னத் திருகைத் திறப்பேன். எண்ணெயும் குமிழியுமாகக் கொப்பளிக்கும். நான் அடைத்த பிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும், முந்திக்கொண்டால் காற்று உள்ளே ஏறிவிடும். ஒருதரம் முந்திவிட்டார். “நான் சொல்லாம விடக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது!” என்று கத்திவிட்டேன். “சரிங்க சார்” என்று மேலேயிருந்து குரல் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

குமிழி நின்று எண்ணெய் மட்டும் வந்த நேரம், அவருடைய போன் அடித்தது. கண்மாய்க்கு அந்தப் பக்கத்து ஊரில் ஒரு பசு கன்று போட முடியாமல் கிடக்கிறதாம். ஓட்டிப் பார்க்காத வண்டி, வழியில் நின்றால் என் மானம்தானே போகும்? நானும் ஏறிக்கொண்டேன். கண்மாய்க்கரை ஏற்றத்தின் பாதியில் ஆட்டுமந்தை குறுக்கே வந்தது. வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. நான் கியர்த் தடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மந்தை விலகியதும் அவர் இடது காலால் மிதித்தார். சத்தமே இல்லாமல் கியர் விழுந்தது, ஒரு சாண்கூடப் பின்னால் நழுவாமல் ஜீப் ஏறியது. “வலிக்குதாம்மா?” என்று கேட்டேன். “வலிக்கத்தான் செய்யுது. ஆனா மிதிக்க முடியுதுல்ல” என்றார்.

தொழுவத்தில் பசு நாக்கைத் தள்ளிக்கொண்டு கிடந்தது. வீட்டுக்கார அக்கா முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றார். “இந்த ஒத்த மாடுதான் டாக்டரம்மா எங்களுக்கு” என்றார். டாக்டரம்மா கெட்ட காலைப் பக்கவாட்டில் நீட்டிச் சாணித்தரையில் உட்கார்ந்தார். தோள்வரை கையை உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மடங்கிக் கிடந்த கன்றின் முன்னங்காலை விரல்நுனியாலேயே தேடிப்பிடித்து நிமிர்த்தினார். கால்களில் கயிற்றைக் கட்டி, மறுநுனியை என் கையில் கொடுத்தார். “மாடு முக்கும்போது இழு... அப்படியே பிடி... ம், விடு.” பயத்தில் நான் பாட்டுக்கு இழுத்துவிட்டேன். “நான் சொல்லாம இழுக்கக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது!” கயிற்றைத் தளரவிட்டேன். “சரிங்கம்மா” என்றேன்.

“தலை வந்துருச்சு, இப்ப விட்டுறாத!” என்றார். சரசரவென்று கன்று முழுதாக வெளியே வந்து விழுந்தது. மூச்சில்லை. டாக்டரம்மா ஒரு வைக்கோலை எடுத்து அதன் மூக்குக்குள் விட்டுத் திருகினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் திருகினார். கன்று தும்மியது. “ஆத்தாடி!” என்று அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். செத்துக் கிடந்த எஞ்சின் எத்தனையையோ ஓடவைத்தவன் நான். அதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது என்று நினைத்திருந்தேன். எனக்கு ஒரு மண்ணும் தெரிந்திருக்கவில்லை. அந்த ஈரக் கன்று தலையைத் தூக்கியதும் அழுதுவிட்டேன். அவரைக் கும்பிடத் தோன்றியது. அவரோ எழுந்திருக்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “கிளட்ச் நல்லாருக்கு தம்பி” என்றார்.

தல்லாகுளம் நாற்காலிக்கு அவர் கடைசிவரை போகவே இல்லை. ஓய்வுபெற்ற பிறகும், கூப்பிடுகிற ஊருக்கெல்லாம் இதே ஜீப்பில்தான் போய்க்கொண்டிருக்கிறார். போன வாரம் எண்ணெய்க் கசிவை அடைத்து, புது ரப்பர் மாட்டிவிட்டு, காற்றெடுக்க ஆளைக் கூப்பிட்டேன். “அது என் வேல, நீ நகருப்பா” என்று அவனை விலக்கிவிட்டு, கைப்பிடியைப் பிடித்து மெல்ல சீட்டில் ஏறினார். நான் அடியில் படுத்தேன். மிதிங்க, பிடிங்க, விடுங்க. ஒருதரம்கூட அவர் முந்தவில்லை. கொஞ்ச நேரத்தில் குமிழி நின்று, எண்ணெய் மட்டும் தெளிவாக வழிந்தது. நான் ‘விடுங்க’ சொல்லாததைக் கவனித்து மேலேயிருந்து கேட்டார்:

“என்ன தம்பி, தலை வந்துருச்சா?”

“வந்துருச்சும்மா” என்று திருகை இறுக்கினேன். “இப்ப விடலாம்.”