போறேன்னு சொல்லாதீங்க சார்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது வேணி அக்காவின் டைப்பிங் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், உட்கார்ந்தால் இடப்பக்கம் சாயும் ஒரு ஸ்டூல். பட்டா மாறுதல் மனு, காதுகுத்துப் பத்திரிகை, தொலைந்துபோன ரேஷன் கார்டுக்கு விண்ணப்பம், எல்லாம் அங்கேதான் பிறக்கின்றன. அக்காவுக்குக் கீழப்பழுவூர். தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறார்.

கொரிய மொழியை அவர் கற்றதும் அந்த பஸ்களில்தான். போனில் ஒரு கொரிய நாடகத்தை, கீழே ஓடும் இங்கிலீஷ் எழுத்தோடு பார்ப்பார். கடைக்கு வந்ததும் அதே நாடகம் மேஜை டிராயருக்குள் ஓடும். கண் மனுவில், விரல் கீபோர்டில், காது மட்டும் கொரியாவில். ஆறு வருஷம். ஒருமுறை 'மதிப்பிற்குரிய வட்டாட்சியர் அவர்களுக்கு, அன்யோங்' என்று கொரிய வணக்கத்தை அடித்துவிட்டார். பிரிண்ட் எடுத்த பிறகுதான் கவனித்தார். மனுக்காரர் அது ஏதோ சர்க்கார் வார்த்தை என்று நினைத்து, இருக்கட்டும் என்றாராம்.

இதுவரை அவர் அடித்த மனுக்கள் சில ஆயிரம் இருக்கும். 'இப்படிக்கு' என்ற சொல்லை அத்தனை தடவை அடித்தவர் ஊரில் வேறு யாரும் இல்லை. அதற்குக் கீழே அவர் பெயர் மட்டும் ஒருநாளும் வந்ததில்லை.

எங்கள் ஊர்த் திரைப்படக் கழகத்துக்கு இந்தக் கோடையில் ஒரு படம் கிடைத்தது. கொரியாக்காரர்களும் ஜப்பான்காரர்களும் சேர்ந்து, பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லாமல், கைக்காசு போட்டு எடுத்த காதல் படம். கொரியத் துறைமுகத்தில் மீன் சூப்புக் கடை நடத்தும் பெண். மீன் மார்க்கெட் ஐஸ் மிஷினைப் பழுது பார்க்கக் கப்பலில் வரும் ஜப்பான்காரன். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. தமிழ் எழுத்துப் போடும் வேலையை வேணி அக்கா வாங்கிக்கொண்டார். கேட்டது ஒன்றே ஒன்று. படம் முடிந்ததும் அவர் பெயர் வர வேண்டும்.

கழகத் தலைவர் ராசாங்கம் சார் இன்சூரன்ஸ் ஏஜென்ட். நிரந்தரப் பிரிவு என்பது அவருக்குத் தொழில்ரீதியாகவே பழக்கமான விஷயம். படத்தைப் பற்றிப் பன்னிரண்டு பக்க உரை எழுதிவைத்திருந்தார். தலைப்பு, 'மீளாப் பிரிவின் அழகியல்'. அதை டைப் செய்து கொடுத்தவரும் வேணி அக்காதான்.

ஞாயிற்றுக்கிழமை திரையிடல். அதற்கு முன் வியாழக்கிழமை சாரும் அக்காவும் கடையில் படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். பக்கத்துப் போன் கடை பெனாசிரும் வந்து நின்றார். அவருக்கு லப்பைக்குடிக்காடு. நான் ஜெராக்ஸுக்குக் காத்திருந்தேன்.

திரையில் அந்தப் பெண், "ஒப்பா!" என்று கூப்பிட்டாள்.

"ஏங்க்கா, ஒப்பாங்குதே, அவங்கப்பனையா கூப்புடுது?" என்றார் பெனாசிர்.

"அவனத்தாண்டி கூப்புடுது. அங்க அப்படித்தான்."

ராசாங்கம் சார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "அகராதியில அண்ணன்னு இருக்கு. நீங்க மச்சான்னு போட்டிருக்கீங்க?"

"அண்ணன்னு போட்டா படம் அங்கயே முடிஞ்சிடும் சார்."

அதை ஒத்துக்கொண்டார். கடைசிக் காட்சியில்தான் மாட்டிக்கொண்டது. கப்பல் ஏறும் முன் அவன் திரும்பி, அவள் பாஷையில் இரண்டே சொல் சொல்கிறான். இங்கிலீஷில் 'ஐ ஆம் லீவிங்' என்று இருந்தது. அக்கா 'போயிட்டு வரேன்' என்று போட்டிருந்தார்.

"இது தப்பு வேணி. அவன் போறான். போயே போறான். போறேன்னு போடுங்க."

"கத்தா ஒல்கேன்னு சொல்றான் சார். போயிட்டு வரேன்னு அர்த்தம். அந்தப் பொண்ணு தெனம் காலையில மார்க்கெட்டுக்குக் கெளம்பறப்ப அவங்கப்பாகிட்ட சொல்லுதுல்ல, அதைக் கேட்டுத்தான் கத்துக்கிட்டான். ஜப்பான்லயும் அப்படித்தானாம், இத்தெகிமஸ்னு. போயிட்டு வரேன்தான்."

"வந்துட்டான்னா அப்புறம் அதுல என்னம்மா காவியம்? என் பன்னெண்டு பக்கம் என்னாகறது?"

"எங்க வூட்டுக்காரரு துபாய்க்குப் போறப்ப பதினோரு தரம் சொல்லியிருக்காரு. பதினோரு தரமும் வந்துட்டாருங்க சார்," என்றார் பெனாசிர்.

சாருக்குக் கோபம் வந்துவிட்டது. பையைத் தூக்கினார். "மாத்தலைன்னா உங்க எழுத்தே வேணாம். இங்கிலீஷோட போட்டுக்கிறேன். நான் போறேன்."

"அய்யய்யோ, போறேன்னு சொல்லாதீங்க சார்!" இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். சார் வாசலில் திரும்பினார். குரல் தானாக இறங்கியது.

"சரி சரி. போயிட்டு வரேன்."

"இப்ப எதுக்கு சார் மாத்துனீங்க?" என்றார் வேணி அக்கா.

சார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு, "உங்க எழுத்தே இருக்கட்டும். ஆனா ஞாயித்துக்கெழம லேப்டாப் என் கையிலதான் இருக்கும். அந்த வரிக்கு ஒருத்தர் சிரிச்சாலும் போதும். உங்க பேர் வர்றதுக்குள்ள படத்த நிறுத்திடுவேன்," என்று சொல்லிவிட்டு நடந்தார். இந்தத் தடவை எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஞாயிறு மதியம். கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் எழுபது பேர். பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டும் செல்வம்மாளையும் அக்கா அழைத்திருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதால் பக்கத்தில் உட்கார்ந்து பெனாசிர் ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டே வந்தார். முன் வரிசையில் இருந்த வேணி அக்கா திரையைப் பார்க்கவே இல்லை. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

கப்பல் வந்தது. அவன் திரும்பினான்.

"போயிட்டு வரேன்," என்று வாசித்தார் பெனாசிர்.

"போயிட்டு வா சாமி. பாத்துப் போ," என்றார் செல்வம்மாள், பஸ் ஸ்டாண்டில் பேசுகிற அதே சத்தத்தில்.

கூடம் முழுக்கச் சிரித்தது. சாரின் விரல் லேப்டாப்பை நோக்கிப் போனது. அதற்குள் பின்வரிசையில் யாரோ, "வந்துருவான்யா," என்றார். "வராம எங்க போவான்? சூப்பு அப்படி!" என்றது இன்னொரு குரல். விரல் பாதியில் நின்று, மேலே போய், கண்ணாடியைக் கழற்றியது. சார் அதைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

திரை இருண்டு, வெள்ளை எழுத்து வந்தது.

இப்படிக்கு,
வேணி,
கீழப்பழுவூர்.

ராசாங்கம் சார் மைக்கைப் பிடித்தார். பன்னிரண்டு பக்கத்தையும் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "டீ இருக்கு, எல்லாரும் சாப்ட்டுட்டுப் போங்க," என்றார். என்ன தோன்றியதோ, மறுபடியும் மைக்கைத் தட்டினார்.

"போயிட்டு வாங்க."