எந்தக் கண்ணில் லேசர்?

சண்டை போடத்தான் அந்தக் கண் மருத்துவமனைக்குப் போனேன். லேசரில் புரை எடுத்துப் பத்து நாளாகியும் கண் மிளகாய்ப்பழம் போலச் சிவந்து கூசியது. பார்வை போய்விடுமோ என்று பயம். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும்.

பக்கத்து நாற்காலியில் ஒருவர், திருமழிசைத் தொழிற்பேட்டைக் கம்பெனியின் பழைய காக்கிச் சட்டையில் இருந்தார். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, சன்னலுக்கு வெளியே போன பஸ்ஸின் போர்டைச் சத்தமாகப் படித்தார். அடுத்த பஸ்ஸுக்கு இன்னொரு கண். "ஆவடி! பூந்தமல்லி!" ஒவ்வொன்றுக்கும் ஒரு சிரிப்பு.

"ஒரு கண்ணு லேசரு, இன்னொண்ணு சாதா ஆப்பரேசன். ரெண்டும் சோக்கா கீது. உனக்கு இன்னா அண்ணாத்தே?"

"லேசர்தான். ஏமாத்திட்டானுங்க."

"சொட்டு மருந்து உட்டுகினியா?"

"லேசருக்கு எதுக்குச் சொட்டு? மூணாம் நாளே நிறுத்திட்டேன்."

அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "கத்தி வச்சாலும் லேசரு வச்சாலும் கண்ணு வீங்கத்தான்யா செய்யும். அத்த அடக்கத்தான் சொட்டு! இதுக்கா சண்டைக்கு வந்துகீறே?"

டாக்டரும் அதையேதான் சொன்னார், சிரிக்காமல். மறுபடி சொட்டு எழுதிக் கொடுத்தார். சிவப்பு வடிந்தது.

இப்போது பஸ் நிலையத்தில் நானும் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு போர்டு படிக்கிறேன். பார்ப்பவன் பைத்தியம் என்று நினைக்கட்டும்.

அன்று அந்தக் காக்கிச் சட்டைக்காரரின் இரண்டு கண்களையும் உற்றுப் பார்த்தும் எதில் லேசர் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டேன்.

"எனக்கே மறந்துட்சி நைனா" என்றவர், அடுத்த பஸ்ஸைப் படிக்கத் திரும்பிவிட்டார்.