விளக்கு கழற்ற வந்தவர்

தரையில் பதித்த விளக்கின் மேல் அந்தம்மா தன் சாப்பாட்டு டப்பாவின் மூடியைக் கவிழ்த்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே நோட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தார். அந்த விளக்கு மேல்நோக்கி எரிவது. குனிந்து பெருக்கினால் நேரே கண்ணுக்குள் அடிக்கும். ஒன்றரை வருடமாக முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அங்கே பெருக்கியிருக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை. நான் நாலடி நகர்ந்ததும் மூடியை எடுத்து அடுத்த விளக்கின் மேல் வைத்தார். ஏழு விளக்குக்கும் அப்படியே. கடைசியில் மூடி சுட்டிருக்க வேண்டும், விரலை வாயருகே வைத்து ஊதிக்கொண்டார்.

எங்கள் பண்பாட்டு மையத்தின் வாசல், மரத்தடி, பின்பக்கத்துப் பாதை எல்லாவற்றுக்கும் எங்கே எப்படி விளக்கு வைப்பது என்று திட்டம் போட்டுக் கொடுக்க வந்தவர் அவர். படித்த படிப்பே அதுதானாம். நாற்பது வயது இருக்கும். கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை. மழைக்கு அல்ல. விளக்குக்கும் தன் கண்ணுக்கும் நடுவில் அதை விரிப்பார், மடக்குவார், மறுபடி விரிப்பார். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு மேசையடியில் தேடுவார். சின்னப் பிள்ளையின் உயரத்துக்குக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தபடியே பத்தடி நகர்ந்து போவார். பாட்டு வகுப்புக்கு வரும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். "சிரிங்க, சிரிங்க. வந்து ஒரு கை குடுத்துத் தூக்கிவிட்டுட்டுச் சிரிங்க" என்பார்.

'பளிச்சுனு' என்ற பேச்சே அவருக்கு ஆகாது. "பளிச்சுனு இருக்கணும்னா பாத்திரக் கடை வெச்சுக்கலாம்க்கா. வர்ற ஆளு தெரியணும், லைட்டு தெரியக் கூடாது" என்றார் என்னிடம். தலையாட்டினேன். லைட் தெரியாமல் ஆள் எப்படித் தெரியும் என்று அன்று முழுக்க யோசித்தும் பிடிபடவில்லை.

வந்த முதல் வாரமே, வாசலுக்கு மேலே இருந்த பெரிய போகஸ் லைட்டைக் கழற்றச் சொன்னார். கமிட்டிச் செயலாளர் குதித்தார். "ஊரே வெளிச்சம் கேக்குது, இந்தம்மா இருக்கறதையும் பிடுங்குது!" மின்வேலைக்காரர்கள் அன்றைக்கே 'இருட்டம்மா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது அவர் காதிலும் விழுந்தது. "நல்லாத்தான் இருக்கு. என் வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா அவரும் இதையே பிடிச்சுக்குவாரு" என்றார்.

ஒவ்வொரு விளக்கையும் சோதிக்க அவருக்கு ஒரு வழி உண்டு. பொழுது சாய்ந்ததும் கம்பத்தடியில் போய் நிற்பார். பத்தடி தள்ளி யாரையாவது நிறுத்துவார். சிரிப்பார், முறைப்பார், உதட்டைப் பிதுக்குவார். "இப்ப என் மூஞ்சி எப்படி இருக்கு?" என்று கேட்பார். ஒருநாள் எங்கள் காவல்காரரை நிறுத்தினார். பெருக்கிக்கொண்டே நானும் பக்கத்தில் போனேன்.

காவல்காரருக்குக் கண் மங்கிப்போனது எனக்கு மட்டும் தெரியும். இன்று எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான், அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். என் வாளிச் சத்தத்தை வைத்துத்தான் "வா தங்கச்சி" என்பார். ஒருநாள் வாளி இல்லாமல் போனபோது, "யாரது?" என்று தடியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். பிறகு கெஞ்சினார். "கமிட்டிக்குத் தெரிஞ்சா நாளைக்கே வீட்டுக்குப் போன்னுடுவாங்க. நீ ஒண்ணும் பாக்கல, சரியா?" கண் தெரியாதவர் காவல் இருப்பது சரியா? அவரைக் காட்டிக்கொடுப்பது சரியா? இரண்டையும் ஆண்டவன் முன்னால் வைத்தேன். அதுவரை வாளியைக் கொஞ்சம் பலமாகவே ஆட்டிக்கொண்டு வந்தேன்.

அந்தம்மா பல்லைக் காட்டினார். "எப்படி இருக்கேன்?"

"சிரிக்கிறீங்கம்மா."

முறைத்தார். "இப்ப?"

"சிரிக்கிறீங்க."

நாக்கைத் துருத்தினார்.

"உங்களுக்குச் சிரிச்ச முகம்மா!"

நாலாவது தடவை முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். "இப்ப எப்படிங்க ஐயா?"

"அதே சிரிப்புதான்!"

"ரொம்ப நன்றிங்கய்யா" என்று சொல்லிவிட்டு, அந்தம்மா நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டே நடந்தார். துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினேன்.

"என்னம்மா எழுதினீங்க?"

"கிழக்கு வாசல் விளக்கு சரியில்லைன்னு."

"விளக்கா?"

"பின்ன? நாலு வாட்டி கேட்டும் ஆளைக் காட்டலையே."

கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாள் வாசலுக்கு எதிர்ச் சுவரை வெளிர் நிறத்தில் அடிக்கச் சொன்னார். விளக்குகளைத் தாழ்த்தி, தகட்டு மறைப்பு மாட்டி, வெளிச்சம் சுவரில் மட்டும் விழும்படி திருப்பினார். காவல்காரரின் ஸ்டூலில் தானே உட்கார்ந்து, அவர் உயரம் வருவதற்காகக் கீழே இரண்டு பலகை போட்டு, நாலு சாயங்காலம் பார்த்தார். என் கண்ணுக்கு வாசல் முன்னைவிட இருட்டாகத்தான் தெரிந்தது. காவல்கார அண்ணனுக்கு இருந்த கொஞ்சநஞ்சமும் போச்சே என்று நினைத்தேன்.

செயலாளர் ஒரே போடாகப் போட்டார். "இந்த வாரத்துல ஒருநாள் நானே சொல்லாம கொள்ளாம நுழைவேன். என்னைக் கண்டுபிடிக்கலேன்னா பழைய லைட்டை மாட்டிடுவோம்." லைட் மட்டுமா மாறும்? கண்டுபிடிக்காத காவல்காரரையும் அல்லவா மாற்றுவார்கள். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தம்மா மட்டும் ஏணியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை, விளக்கு எரிந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. நான் குழாயடியில் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தேன். காலடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. திடீரென்று காவல்காரரின் குரல்.

"வாங்க செயலாளரய்யா. செருப்பை ஏன் கையில தூக்கிட்டு வர்றீங்க? அறுந்துபோச்சா?"

செயலாளர் சுவரோரம் வெறுங்காலோடு நின்றார். "கல்லு... உள்ள கல்லு போயிடுச்சு" என்று முணுமுணுத்து, செருப்பைத் தட்டிப் போட்டுக்கொண்டார். ஏணியில் உட்கார்ந்திருந்த இருட்டம்மா குடையை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். குடை மட்டும் குலுங்கியது.

"எப்படிம்மா?" என்று பிறகு கேட்டேன். "பெரிய லைட்டு கண்ணுல அடிச்சா, மங்கின கண்ணுக்கு எல்லாம் புகையாத்தான் இருக்கும்க்கா. பின்னாடி சுவர் வெளுப்பா இருந்தா, முன்னாடி வர்ற ஆளு கறுப்பா, வெட்டி ஒட்டின மாதிரி தெரிவாரு." மங்கின கண் என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது. நான் தரையைப் பார்த்தேன். உருவமும் செருப்பும் தெரிந்தது சரி, முகம் தெரிந்ததா? தொப்பையையும் நடையையும் வைத்துச் சொன்னாரா? பொய் நிலைத்ததற்கு ஆண்டவனுக்கு நன்றி சொல்லலாமா கூடாதா? சொல்லிவிட்டு, மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

வேலை முடிந்து கிளம்பிய காலையில், பெட்டிகளை வண்டியில் ஏற்றிவிட்டு வாசலுக்குத் திரும்பி வந்தார். காவல்காரரின் சட்டைப் பையில் மடித்த சீட்டு ஒன்றைச் செருகினார்.

"கண்ணாஸ்பத்திரியில பேர் குடுத்திருக்கேங்கய்யா. செவ்வாய்க்கிழமை, காலையில எட்டு மணி."

"எனக்கு எதுக்கும்மா..." என்று அவர் இழுத்தார்.

"மருந்து ஊத்துவாங்க, திரும்பி வர்றப்ப வெயில்ல கண்ணு கூசும். அக்காவைக் கூட கூட்டிட்டுப் போங்க." வண்டியை நோக்கி நாலடி போனவர், நின்று குரலைத் தாழ்த்தினார். "செயலாளர்கிட்ட உங்களுக்குப் பல்லுவலின்னு சொல்லி லீவு வாங்கியிருக்கேன். வாசலைத் தாண்டுற வரைக்கும் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டே போங்க."