ஆலாவின் முட்டையும் என் தயிர்சாதமும்

காலை 5.40. கே.கே. நகரில் பஸ் ஏறினேன். கொள்ளிடம் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் ஜன்னல் வழியே பார்த்து, “ஒரு நாள் போகணும்” என்று இருபது வருடமாகச் சொல்லிவந்த ஆளற்ற மணல் திட்டுக்கு, ஐம்பத்து மூன்று வயதில், குடையும் தயிர்சாதமும் முட்டிவலித் தைலமுமாகக் கிளம்பியிருந்தேன். கடலோடிகள் யாரும் தைலம் கொண்டுபோனதாகப் படித்ததில்லை.

6.50. உதவிக்கு ஆள் கேட்டிருந்த உயிரியல் ஆசிரியை ஜமீலா கரையில் காத்திருந்தார், பாலக்கரைக்காரர். திட்டில் ஓர் ஆற்று ஆலாப் பறவை முட்டையிட்டிருக்கிறது. அணையைத் திறந்துவிட்டார்கள், மதியத்துக்குள் ஆற்றில் தண்ணீர் ஏறும். அதற்குள் கூட்டை ஓரடி உயர்த்தியாக வேண்டும். பரிசலுக்குத் தலைக்கு நூறு ரூபாய்.

“குடை எதுக்கு சார்? மேகமே இல்லையே” என்றார் பரிசல்காரர் செல்வராஜ்.

“வெயிலுக்குங்க.”

“ஆலா மண்டையில கொத்தும். அதுக்கு ஆகும், கொண்டு வாங்க” என்றார் ஜமீலா.

7.20. திட்டின் நீளம் என் நடையில் நானூற்றுப் பத்துக் காலடி, அகலம் எழுபது. மேற்கு முனை மேடு, நாணல் புதர். அதன் ஓரம் நீர்நாயின் கால்தடமும், மீன் செதில் மினுங்கும் அதன் எச்சமும். கிழக்கே மணல் சரிந்து தண்ணீரைத் தொடுகிறது. அந்தச் சரிவில் உள்ளங்கையளவு பள்ளம். கூழாங்கல் நிறத்தில் இரண்டு முட்டைகள். கூடு என்பது மரியாதைக்குச் சொல்வது.

முட்டைகளுக்கு அடியில் நான்கு விரல் உயரத்துக்கு மணல் கொடுப்பது, விலகுவது, தாய் வந்து அமரும்வரை காத்திருப்பது, மறுபடி கொடுப்பது. “ஒரேயடியா ஒசத்துனா அதுக்கு அடையாளம் தெரியாது சார். உக்காராம விட்டா முட்டை வெயில்ல வெந்துரும்” என்றபடி ஜமீலா மணல் அள்ள, நான் தள்ளி நின்று குடையில் கொத்து வாங்கினேன். என் தகுதிக்கு ஏற்ற பதவி.

9.10. இரண்டு முறை உயர்த்தியாயிற்று. பசித்தது. பொட்டலத்தைப் பிரித்து, வீட்டு மாடியில் தினமும் செய்வதுபோல முதல் பிடியைக் கீழே வைத்து “கா... கா...” என்றேன். கை தானாகச் செய்தது. வடகரை மரத்திலிருந்து நான்கு காக்கைகள் வந்து இறங்கின.

“என்ன சார் பண்றீங்க! முட்டைத் திருடனை வெத்தலை பாக்கு வச்சு அழைக்கிறீங்களா?” என்றார் ஜமீலா.

சோற்றைத் தின்ற ஒரு காக்கை பள்ளத்தை நோக்கி நடக்கத் தொடங்கியது. ஆலா அலறிக்கொண்டு பாய்ந்தது.

“சோத்த எடுத்துக்கிட்டு கரைக்குப் போங்க சார்,” செல்வராஜ் கத்தினார். “அதுங்க உங்க பின்னாடிதான் வரும்!”

மணலோடு சோற்றை வாரினேன். குடையை அவரிடம் கொடுத்து, வேட்டியை மடித்துக் கட்டி, வடகரைப் பக்கம் தொடையளவுத் தண்ணீரில், வழியெல்லாம் “கா... கா...” என்று அழைத்தபடி நடந்தேன். நான்கும் பின்தொடர்ந்தன. ஸ்ரீரங்கத்துப் புறப்பாட்டில்கூட இத்தனை ஒழுங்கு பார்த்ததில்லை. கரையில் உட்கார்ந்து ஒவ்வொரு கவளமாகப் போட்டு, மூன்று மணி நேரம் அவற்றை நிறுத்தி வைத்தேன். எனக்கு ஒரு பருக்கை இல்லை.

12.15. பழுப்புத் தண்ணீர் வந்தது. சரிவில் எங்கள் காலடிகள் மறைந்தன. புது மேட்டின் அடிவரை ஏறி, நின்றது. மேலே ஆலா அசையாமல் உட்கார்ந்திருந்தது. தூரத்தில் ஜமீலா கையை உயர்த்தினார்.

“குஞ்சு பொரிய இன்னும் பத்து நாளாவது ஆகும்” என்றார், திரும்பும்போது. “காக்காய்க்கு இடம் தெரிஞ்சு போச்சே சார்.”

“நான் பாத்துக்கறேங்க.”

மறுநாள் இரண்டு பொட்டலம் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் போனேன். வீட்டு மாடியில் பத்து முறை கூப்பிட்டாலும் ஒன்றுகூட வராது. வடகரையிலோ நான்கும் எனக்கு முன்பே வந்து காத்திருந்தன. திட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முதல் கவளத்தை உருட்டினேன். அழைத்தவன் நான்தானே.