வெள்ளிக்கிழமைப் பாடு

பழவேற்காடு கடைத்தெருவில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. கணினியும் உண்டு, அதனால் ஊர்ப் பிள்ளைகளின் விண்ணப்பங்கள் எல்லாம் என் தலையில்தான் விழும். தினமும் மீஞ்சூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, என் கடையில் ஒரு தடவை ஆதார் நகல் எடுத்தவர்களுக்குக்கூடத் தெரியும்.

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க வருவார்கள். எல்லாம் நிரப்பி முடித்து, கட்டணம் என்ற இடம் வந்ததும் "அப்புறம் வர்றேன்க்கா" என்று எழுந்து போவார்கள். பாதிப் பேர் வரவே மாட்டார்கள். பார்த்துப் பார்த்து வயிறு எரிந்துதான் நானும் என் தோழிகள் இருவரும் ஒரு டப்பாவில் காசு போட ஆரம்பித்தோம். ஒருத்தி நர்ஸ், இன்னொருத்தி தையற்கடை வைத்திருக்கிறாள். கேட்டு வரும் பிள்ளைக்குக் கட்டணம் கட்டுவோம், அவ்வளவுதான்.

அந்த வருடம் ஒரு பெண் வந்தாள். ஏரிக்கரைக் குப்பத்துப் பிள்ளை, படிப்பில் கெட்டி. நர்ஸிங், டாக்டர் என்று அரைகுறையாக ஆசைப்படுகிறவள் இல்லை, டாக்டர்தான் என்று தீர்மானமாகச் சொன்னாள். அவள் அப்பாவும் கூட வந்திருந்தார். டப்பாவைப் பற்றிச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

"இன்னாத்துக்குமா ஊரான் காசு? வெள்ளிக்கிழம எனக்குப் பாடு வருது. அந்தக் காசு அப்டியே உன் கைல."

பாடு என்றால் முறை. ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்களைக் குடும்பங்கள் முறை வைத்துத்தான் பிடிக்கும். உன் நாள் வந்தால் அந்த இடம் உன்னுடையது. அந்த நாளை விட்டால் மறுபடி உன் முறை வரக் காத்துக் கிடக்க வேண்டும். இவ்வளவும் எனக்கும் தெரியும். கட்டணம் கட்டக் கடைசி நாளும் அதே வெள்ளிக்கிழமைதான். சரி, காலையில் இறாலை விற்றுவிட்டு வருவார், மதியத்துக்குள் கட்டிவிடலாம் என்று நானும் தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலை அவர் வரவில்லை. மதியமும் வரவில்லை. அந்தப் பெண் பள்ளி விட்டு நேராகக் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். அப்பாவின் போனுக்கு அடித்தால் அணைத்து வைத்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. மீன் மார்க்கெட்டில் கூடையோடு உட்கார்ந்திருந்த அவள் அம்மாவிடம் போய், "உன் வூட்டுக்காரர் எங்கே? பாடு முடிஞ்சு எந்நேரம் ஆச்சு?" என்று கத்தினேன்.

அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "இன்னாக்கா சொல்ற? வெள்ளிக்கிழமப் பாடுன்னா வெள்ளி சாயந்தரம்தான் எறங்குவாங்க. ராவெல்லாம் வல கெடக்கும். விடிஞ்சாதான் எறா, காசு எல்லாம். வல ஏத்திக்கினு மதியமே ஏரிக்குப் போயிட்டாரு."

அவர்கள் கணக்கில் சனிக்கிழமை விடியலில் வரும் காசுக்கும் பெயர் வெள்ளிக்கிழமைக் காசுதான். எங்கள் வீடு நெல் வயல் வீடு, எங்களுக்கு விடிந்தால்தான் கிழமை பிறக்கும். அவர் சொன்ன சொல்லில் பொய்யில்லை, நான் கேட்டதிலும் தப்பில்லை. நடுவில் ஒரு பிள்ளையின் ஒரு வருடம் தொங்கிக்கொண்டிருந்தது.

கடைக்கு ஓடி வந்து, "டப்பாவிலிருந்து கட்டிடறேன்" என்றேன். அந்தப் பெண் தலையை ஆட்டினாள். "நைனா வேணாம்னு சொல்லிட்டாருக்கா." அதுவாவது பரவாயில்லை, பேசிச் சரிக்கட்டலாம். ஆனால் கணினியில் அவள் விண்ணப்பத்துக்குள் நுழைய வேண்டுமென்றால் ஓ.டி.பி. என்று ஒரு எண் வரும், அது வருவது அவர் போனுக்கு. வீட்டில் இருப்பதே அந்த ஒரு போன். அது உப்புத் தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் உறைக்குள், அவரோடு ஏரிக்குள் கிடக்கிறது.

அம்மா கூடையைப் பக்கத்துக்காரியிடம் தள்ளிவிட்டுத் துறைக்கு ஓடினாள். கிளம்பிக்கொண்டிருந்த ஒரு படகுக்காரரிடம், உடனே கடைக்குப் போன் பண்ணச் சொல்லி அவருக்குச் சேதி அனுப்பினாள். நானும் அந்தப் பெண்ணும் கடையில் என் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். வந்தவர்களிடம் எல்லாம் எரிந்து விழுந்தேன். ஒருவர் கலர் பிரிண்ட் கேட்டார், கறுப்பு வெள்ளையில் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

பொழுது சாயும் நேரத்தில் போன் அடித்தது. காற்று இரைச்சலுக்கு நடுவே அவர் குரல்.

"நாளைக்குக் காலைல காசு வருதுன்னு சொன்னேன்ல, அதுக்குள்ள இன்னா அவசரம்?"

"நாளைக்குக் கதவு மூடிடும்யா! இன்னிக்கு ராத்திரியோட சரி!"

"அதுக்குன்னு எவன் காசோ எடுத்துக் கட்டுவியா? நான் கை நீட்டினவன் இல்லமா."

எனக்கு வந்த கோபத்தில் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், பிள்ளையின் படிப்பு அதோடு முடிந்திருக்கும். நல்ல வேளையாக அந்தப் பெண் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"நைனா, போன வருசம் உனுக்குக் காச்சல் வந்தப்போ உன் முறைக்கு சித்தப்பா எறங்குச்சில்ல? அப்ப நீ அத ஊரான் காசுன்னியா? பங்கு குடுத்த. இன்னிக்கு என் முறைக்கு அக்கா எறங்குது. நாளைக்குப் பங்கு குடுத்துடு."

"அனுப்பச் சொல்லு நம்பர" என்றார் அவர்.

எண்ணை ஒவ்வொன்றாகப் படித்தார், நான் தட்டினேன். கட்டணம் ஏற்கப்பட்டது என்று திரையில் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அந்தப் பெண் அழவில்லை, சிரித்துக்கொண்டே எனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வெகு நாட்களுக்குப் பிறகு அன்று பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கினேன், மீஞ்சூரில் கண்டக்டர் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

மறுநாள் காலை நான் கடை திறக்கும்போதே அவர் வாசலில் நின்றிருந்தார். கண் சிவந்து, லுங்கியில் சேறு காயாமல். முதலில் ஒரு பையை மேஜைமேல் வைத்தார், உள்ளே இறால் துள்ளிக்கொண்டிருந்தது. "முறைக்கு எறங்கனவங்களுக்குக் கறிக்குக் குடுக்கணும்" என்றார். பிறகு இடுப்பிலிருந்து ஈர நோட்டுகளை எடுத்து வைத்தார். "இது உன் பங்கு."

நன்றி என்று அவர் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பிடித்திருந்தது. நானும் மறுக்காமல் வாங்கி டப்பாவில் போட்டேன்.

படியிறங்கப் போனவர் திரும்பினார். "அடுத்து யாரு முறை?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் சொன்னேன். "தோணிரேவுக் குப்பத்துல ஒரு பொண்ணு. வேற பரீட்சை, அடுத்த வாரம் கட்டணும். அவங்கப்பாவுக்கு இப்போதைக்குப் பாடு இல்லை."

"அப்ப அதுக்கு நான் எறங்கறேன்" என்று இடுப்பில் மிச்சமிருந்ததையும் எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.