5:47-க்கு எரிந்த பல்பு

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூட நான் சேர்த்ததில்லை. கோட்டுச்சேரிமேட்டு நந்தினியின் வலது ஆள்காட்டி விரல் நுனியில் மிளகு அளவுக்கு ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. ஸ்டாஃப் ரூமில் டீ குடிக்கும்போது நானே அந்த விரலைப் பிடித்துப் பார்த்திருக்கிறேன். அடுப்பில் சுட்டதில்லை, அயர்ன் பாக்ஸில் சுட்டதில்லை. எதில் சுட்டது என்று அவள் சொன்ன அன்றைக்கு என் டீ அப்படியே ஆறிப்போனது. நேரமெல்லாம் அவள் நோட்டில் குறித்து வைத்தபடியே தருகிறேன். பேயாவது பிசாசாவது என்று சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரியுங்கள். நானும் அப்படிச் சிரித்த ஆள்தான்.

நந்தினி எங்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர். படிக்கும்போதே அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கியவள். பேசுகிற செட் அவளிடம் கிடையாது, கேட்கிற ரிசீவர் மட்டும்தான். அவளுக்கு அது போதும். புருஷன் சிவபாலன் விசைப்படகில் போகிறவன். படகு கரைக்குக் கொஞ்சம் கிட்டத்தில் வந்துவிட்டால், மற்றப் படகுக்காரர்களோடு அவன் பேசுவது இவள் மொட்டைமாடி ஆன்டெனாவில் விழும். "வஞ்சிரம் கெடச்சுதா மாப்ள?" என்று அவன் யாரிடமோ கேட்பது காதில் விழுந்த பிறகுதான் இவள் உலையே வைப்பாள். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். அந்தக் குரலுக்காகவே அந்த ரிசீவரைக் கண்ணாட்டம் பார்த்துக்கொண்டாள்.

இரண்டு வீடு தள்ளி அம்பலவாணன். கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடையது நானூறு வாட் செட். அவர் பட்டனை அழுத்தினால் பக்கத்தில் இருக்கிற ரிசீவருக்கு, காதோரம் வேட்டுப் போட்ட மாதிரி. நந்தினியின் ரிசீவர் இரண்டு தடவை கருகியது. அதனால் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்கள். பேசுவதற்கு முன்னால் அவர் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார், இவள் ரிசீவரிலிருந்து ஆன்டெனா ஒயரைப் பிடுங்கிவிடுவாள். முடிந்ததும் இன்னொரு மிஸ்டு கால், திரும்பச் சொருகுவாள். இதெல்லாம் போதாதென்று ஒரு சோப்பு டப்பாவுக்குள் குட்டி டார்ச் பல்பு ஒன்றும் இரண்டு டயோடும் வைத்து, ஆன்டெனா ஒயரின் நடுவில் சேர்த்திருந்தாள். பக்கத்தில் யாராவது பெரிய செட்டில் பேசினால் அந்தப் பல்பு எரியும். ரிசீவர் தப்பிக்கும். கரண்ட்டு, பேட்டரி எதுவும் அதற்கு வேண்டாம். காற்றில் வருகிற சக்தியிலேயே எரியும்.

போன கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை சிவபாலன் கடலுக்குப் போனான். மறுநாள் வெள்ளி சாயந்தரம், மிஸ்டு கால் எதுவும் வராமலே, டப்பாவுக்குள் பல்பு எரிந்தது. மணி 5:47. நந்தினி ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினாள். கிழவர் வேண்டுமென்றே செய்கிறார் என்று அவளுக்குப் பட்டது. காரணம் இருந்தது. போன மாசம்தான் அவர்மேல் ரேடியோ கிளப்பில் புகார் சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமையும் அதே 5:47. இந்தத் தடவை அவள் பொறுக்கவில்லை, நேரே அவர் வாசலுக்கே போய்விட்டாள்.

"பெரியப்பா, என்ன வெளையாட்டு இது? ஒரு மிஸ்டு கால் குடுக்க முடியலையா?"

அம்பலவாணன் வெற்று உடம்பில் துண்டோடு நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"நான் செட்டத் தொட்டு நாலு நாளாவுது ஆயி."

"அப்ப எரிஞ்சது என்ன, கார்த்திகை வெளக்கா?"

அவர் அவள் தோளுக்கு மேலே, அவள் வீட்டு மாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டார். திருட்டு முழி என்று அவள் மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தாள்.

ஞாயிறு காலையில் அவர் வீடு பூட்டிக் கிடந்தது. சென்னையில் மகள் வீட்டுக்குப் போயிட்டார் என்றாள் அவருடைய தம்பி மனைவி தையல்நாயகி. ஆனால் அன்று சாயந்தரம் 5:47-க்கு பல்பு எரிந்தது. திங்களும் எரிந்தது. நந்தினிக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. வெளியே பூட்டைத் தொங்கவிட்டுக் கொல்லைப் பக்கமாக உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறாரோ? ஒவ்வொரு தடவையும் அவள் ஒயரைப் பிடுங்கினாள். கால் மணி நேரம் கழித்துத்தான் சொருகினாள்.

செவ்வாய்க்கிழமை புயல் எச்சரிக்கை. படகுகளை எல்லாம் திரும்பச் சொல்லிவிட்டார்கள். மத்தியானத்திலேயே கரண்ட்டு போனது, செல்போன் டவரும் போனது. சிவபாலனின் படகைத் தவிர மற்றவை எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. படகுகளோடு பேச ஊரில் வைத்திருந்த பொதுச் செட்டு மழையில் நனைந்து ரெண்டு நாளாக ஊமை. படகு ஆபத்தில் கூப்பிட்டால் அந்தக் கரையில் கேட்கக்கூடிய ஒரே காது நந்தினியின் ரிசீவர்தான். பேட்டரியில் போட்டுவிட்டு மூன்று மணியிலிருந்து அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.

5:46. போன் ஒரு தடவை அடித்து நின்றது.

திரையில் 'அம்பலவாணன் பெரியப்பா'.

கை தானாகப் போய் ஒயரைப் பிடுங்கியது. ஒரு வருஷப் பழக்கம் அப்படி. பிடுங்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. போனை எடுத்துப் பார்த்தாள். டவர் இல்லை. ஒரு கோடுகூட இல்லை...

டவர் இல்லாமல் எப்படி அடித்தது?

மேசைமேல் சோப்பு டப்பாவுக்குள் பல்பு எரிந்தது. 5:47. வழக்கமாக மஞ்சளாக மினுக்கும். இன்றைக்கு வெள்ளையாக எரிந்தது.

6:00. இரண்டாவது மிஸ்டு கால் வரவில்லை.

6:05. வரவில்லை.

"அடப்பாவி, என் புருஷன் கடல்ல கெடக்கான்டா..." வாய்விட்டுக் கத்திவிட்டாள். கத்தினாளே தவிர, ஒயரைச் சொருகப் பயம். ரிசீவர் கருகினால் எல்லாம் போச்சு. முதலில் அந்த ஆளின் செட்டை அணைக்க வேண்டும். மழையில் ஓடித் தையல்நாயகியை இழுத்து வந்தாள்.

"சித்தி, சாவியக் குடுங்க. அவரு உள்ளதான் இருக்காரு."

"யாரும் இல்லடி. நீயே பாரு, வா."

6:11. பூட்டு மழையில் நனைந்து இறுகியிருந்தது. தட்டித்தான் திறந்தார்கள். உள்ளே இருட்டு. நந்தினி டார்ச்சை அடித்தாள்.

மேசை காலி.

செட் இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு சதுரம் மட்டும்.

"வித்துட்டாரே," என்றாள் தையல்நாயகி. "சனிக்கெழம ராத்திரியே ஆள வரச்சொல்லி எடுத்துட்டுப் போவச் சொல்லிட்டாரு. ஒனக்குத் தெரியாதா?"

சுவர் ஓட்டை வழியாக ஆன்டெனா ஒயர் உள்ளே வந்து தொங்கியது. எதிலும் மாட்டாமல். நுனியில் செம்பு தெரிந்தது. நந்தினி அதை விரலால் தொட்டாள்.

சுரீர்.

ஒரு சின்ன நீலப் பொறி. விரல் நுனி வெள்ளையாக வெந்துவிட்டது.

பெரிய செட்டில் பேசிக்கொண்டிருக்கும் ஆன்டெனாவைத் தொட்டால்தான் அப்படிச் சுடும். அது அவளுக்குத் தெரியும். இந்த ஒயர் பேசிக்கொண்டிருந்தது. செட் இல்லாமல்... கரண்ட்டு இல்லாமல்...

அவள் திரும்பி ஓடினாள்.

6:18. வீட்டுக்குள் நுழையும்போதே 'டிப்' என்றது. பல்பு வெடித்துவிட்டது. இனி அந்த டப்பா வழியாக எதுவும் வராது. பாதுகாப்பு வேண்டுமா, புருஷன் வேண்டுமா? டப்பாவைப் பிய்த்து எறிந்தாள். ஒயரை நேராக ரிசீவரில் சொருகினாள்.

கர்ர்ர்...

கர்ர்...

பிறகு, சிவபாலன் குரல். தெளிவாக. சிரித்துக்கொண்டே.

"சரி நந்தினி. நீ சொன்ன மாதிரியே முகத்துவாரத்துக்குப் போவல. நம்ம மேட்டுக்கே நேரா வர்றோம். நீ கரையிலயே நில்லு."

அவளிடம் பேசுகிற செட் கிடையாது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அவனுக்குப் பதில் வந்தது. ஒரு பெண் குரல். "வா..."

அவளுடைய குரல்.

அதே நொடி ரிசீவர் கருகியது. அறையெல்லாம் நெடி.

கோட்டுச்சேரிமேட்டுக் கரையில் அந்த அலையில் விசைப்படகு வந்தால் உடைந்து சுக்குநூறாகும். அது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நந்தினி தெருவில் கத்திக்கொண்டே ஓடினாள். ஆட்கள் திரண்டார்கள். லோடு ஆட்டோக்காரர் புகழேந்தி வண்டியை மணலிலேயே இறக்கினார். 6:40-க்கு படகின் வெளிச்சம் தெரிந்தது, நேராகக் கரையைப் பார்த்து. ஹெட்லைட்டை அணைத்து அணைத்துப் போட்டார்கள். இருபது டார்ச்சைக் குறுக்கும் நெடுக்கும் ஆட்டினார்கள். "வராதீங்கடா! வராதீங்கடா!"

6:52. படகு திரும்பியது.

மாரியாத்தா என்று நந்தினி மணலில் உட்கார்ந்துவிட்டாள். ஆட்டோக்காரரும் தையல்நாயகியும் தூக்கித்தான் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் டவர் வந்ததும் முதல் வேலையாக அம்பலவாணனைக் கூப்பிட்டாள். அவர் எந்த மிஸ்டு காலும் கொடுக்கவில்லை. சென்னையில் அவர் போனில் அப்படி ஒரு அழைப்பே இல்லை. திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டாள். அப்போதுதான் கிழவர் சொன்னார்.

"செட்ட ஏன் வித்தேன்னு நீ கேக்கலியே ஆயி... போன வாரம் நான் பேசுனேன். பேசி முடிக்கறதுக்குள்ள என் கொரல்லயே எனக்குப் பதில் வந்துச்சு. ஒன் மாடிப் பக்கத்துலேருந்து."

போனை வைத்துவிட்டார்.

சிவபாலன் காரைக்கால் துறைமுகத்தில் இறங்கி, காலை ஒன்பது மணிக்கு வீடு வந்து சேர்ந்தான். வந்தவன் கோபமாக இருந்தான்.

"நேரா வான்னதும் நீதான். கரையில நின்னு வராதேன்னதும் நீதான். என்னா புள்ள வெளையாட்டு?"

"நான் பேசவே இல்லைங்க. என்கிட்ட பேசுற செட்டே கெடையாதே."

"புதுசு வாங்கிட்டேன்னு சொன்னியே! வெள்ளிக்கெழமைலேருந்து தெனம் அஞ்சே முக்காலுக்குப் பேசுனியே! அவ்ளோ தூரத்துலயும் பக்கத்துல ஒக்காந்து பேசுற மாதிரி கேட்டுச்சு."

தினமும் 5:47. தினமும் அவள் ஒயரைப் பிடுங்கி வைத்திருந்த அந்தக் கால் மணி நேரம்.

"அது நான்னு எப்படிங்க நம்புனீங்க?"

சிவபாலன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"ஞாயித்துக்கெழம நீ சொன்ன விஷயத்த வேற யாரு சொல்லுவா? முழுகாம இருக்கேன்னு சொன்னியே."

நந்தினிக்கு அப்படி எதுவும் தெரியாது. யாரிடமும் எதுவும் சொல்லவும் இல்லை. எட்டு நாள் கழித்து டாக்டரம்மா சோதித்துப் பார்த்து ஆறு வாரம் என்றார்.

இதை என்னிடம் சொல்லும்போது அவளுக்கு எட்டாவது மாசம். அந்தக் குரல் வேறு என்ன சொன்னது என்று அவனைக் கேட்டாயா என்றேன். ஒரே ஒரு தடவை கேட்டாளாம்.

"பேரும் வச்சிட்டேன்னு சொன்ன" என்றானாம்.

அந்தப் பெயர் என்னவென்று அவன் இன்றுவரை சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.